சீமைக் கருவேலத்தை வெட்டினால் சீலம் கெடுமா?

தேவகோட்டைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் செம்மண் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து அங்கே ஒரு சிறிய புத்தர் கோயிலும் தியான மண்டபமும் கட்டப்போகிறீர்கள். கோயிலைச் சுற்றி இந்த மண்ணுக்குரிய செடி கொடிகளும் புத்தருக்கு உகந்த மரங்களும் நிற்க வேண்டும் என்பது ஆசை. சாலம், அசோகம், நாகலிங்கம் மூன்றும் இங்கே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது. நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கோயில் நிலத்தில் ஒரு செடியைக்கூட வெட்டக் கூடாது என்று உங்களில் சிலர் சொல்கிறார்கள். பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எதை நடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஐயனார் கோயில்காடுகளில் சுற்றுவதுதான் முழுநேர வேலை. பிக்கு அல்ல; பாலி நூல்களை மொழிபெயர்ப்பில் படித்தவன் மட்டுமே. ஆகவே செடிகளைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். விநயம் எனப்படும் பிக்குகளின் ஒழுக்க விதிகளைப் பற்றிச் சொல்வதை, உங்களுக்கு வழிகாட்டும் பிக்குவிடம் ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டக் கூடாது என்பவர்கள் கையில் ஆதாரம் இல்லாமல் இல்லை. பிக்குகளுக்கான விதிகளில் பாசித்தியம் என்ற தொகுதியின் பத்தாவது, மண்ணைத் தோண்டக் கூடாது, தோண்டச் சொல்லவும் கூடாது என்கிறது. பதினொன்றாவது, உயிருள்ள தாவரத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்கிறது. அந்த விதியின் விளக்கத்தில் தாவரங்களை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். இஞ்சி, மஞ்சள்போலக் கிழங்கிலிருந்து வருபவை, ஆல், அரசுபோலத் தண்டிலிருந்து வருபவை, கரும்பு, மூங்கில்போலக் கணுவிலிருந்து வருபவை, நுனியைக் கிள்ளி நட்டால் வருபவை, விதையிலிருந்து வருபவை. இலையையோ பூவையோ பார்க்காமல், செடி எந்த வழியில் பெருகுகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒரு துறவியர் சட்டத்துக்குள் இப்படி ஒரு நாற்றங்கால்காரரின் பட்டியல் இருப்பதை முதலில் படித்தபோது நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தேன்.

ஆனால் அந்த விதி பிறந்த கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆளவி என்ற ஊரில் பிக்குகள் கட்டடம் கட்டுவதற்காக மரம் வெட்டுகிறார்கள். அந்த மரத்தில் குடியிருந்த தேவதை முறையிடுகிறது. ஊர் மக்களும் குறை சொல்கிறார்கள். மரத்தை ஒரு புலன் உள்ள உயிராக மக்கள் கருதுகிறார்கள் என்று சொல்லித்தான் புத்தர் அதைக் கண்டிக்கிறார். செடிக்கு உணர்வு உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் அந்த இடத்தில் அவர் போகவில்லை. நமக்கு இது புதிய எண்ணமும் அல்ல. 'புல்லும் மரனும் ஓரறி வினவே' என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. இதில் உறுதியானது, விதி துறவிகளுக்கானது என்பது. இல்லறத்தாரின் ஐந்து சீலங்களில், அதாவது ஒழுக்க உறுதிகளில், முதலாவதான கொல்லாமை, மூச்சுள்ள உயிர்களைக் குறித்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கீரை பறித்தால் சீலம் கெட்டது என்று இலங்கை, தாய்லாந்து போன்ற தேரவாத பௌத்த நாடுகளில் யாரும் சொல்வதில்லை. விவாதத்துக்குரியது, அந்த விதியின் உள்ளெண்ணத்தை இல்லறத்தார் எவ்வளவு தூரம் தாங்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. அதை உங்கள் குழுதான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் தெளிவு. தங்குவதற்கு ஒரு பிக்கு வந்தால், களை பறிப்பது அவர் வேலை அல்ல, உங்கள் வேலை. பழத்தைக்கூட, விதை முளைக்கும் நிலையில் இருந்தால், ஓர் இல்லறத்தார் கீறிக் கொடுத்த பிறகுதான் அவர் உண்பார். பிக்குவைக் கையில் மண்வெட்டியோடு நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துவிடாதீர்கள்.

எனவே என் பதில்: வெட்டலாம், ஆனால் வழிக்கக் கூடாது. சீமைக் கருவேலம் வட, தென் அமெரிக்காவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. 1870களின் இறுதியில், விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும், சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போடுகின்றன. குடல் வழியாக வந்த விதைக்கு ஓடு இளகியிருப்பதால் முளைப்பு இன்னும் நன்றாக இருக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்காவது தோண்டி, துளிர்விடும் கட்டையையும் சேர்த்து எடுத்தால்தான் போகும். எடுத்த பிறகும் மண்ணில் கிடக்கும் விதை சில ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு மழைக்குப் பிறகும் விரற்கடை உயரத்தில் பிடுங்க வேண்டியிருக்கும். இதை ஒருநாள் வேலை என்று நினைப்பவர்கள் மறு ஆண்டு மழைக்குப் பிறகு வந்து பார்த்தால் தெரியும்.

பொக்லைன் வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணமும் உண்டு. உங்கள் பக்கத்து நிலங்களில் முள்ளுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறேன். பறவை எச்சத்தில் விழுந்த வேப்பங்கன்று, சூரை, காரை, வெட்பாலை, சில இடங்களில் நாவல்கூட அந்த நிழலில் ஒண்டிக்கொண்டு நிற்கும். ஆட்டின் வாயிலிருந்து அவற்றைக் காப்பாற்றியதே அந்த முள்தான். இயந்திரம் ஏறினால் அவையும் போய்விடும்; நம் பக்கத்துச் செம்பூராங்கல் என்ற கெட்டியான செந்நிறக் கல் நிலத்தின் மேல் கிடக்கும் மெல்லிய மண்ணும் போய்விடும். நிலத்தை ஆறு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ துண்டு மட்டும், கோடையில், கூலியாட்களை வைத்துக் கையால் எடுங்கள். அதற்கு முன்னால், வேம்போ வெட்பாலையோ கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி வையுங்கள். வெட்டிய முள்ளை நெற்று இல்லாமல் பார்த்து, புதுக் கன்றுகளுக்கு வேலியாக அடையுங்கள். ஆடு தாண்டாத வேலி அதைவிட மலிவாகக் கிடைக்காது. மிச்சக் கட்டையைக் கரி மூட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இந்த மரத்தின் கரியை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதனால் அதைப் பிசாசு மரம் என்று திட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அது இருக்கும் இடம்தான் தவறு.

இனி நீங்கள் கேட்ட மூன்று மரங்கள். நாகலிங்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது தென் அமெரிக்க மரம். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து, பூவின் அழகினாலும் மணத்தாலும் விகாரைகளில் இடம்பிடித்து, 'சால்' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. அங்கிருந்து வரும் படங்களைப் பார்த்துத்தான் பலரும் புத்தர் பரிநிர்வாணம் அடைந்தது இதன் அடியில் என்று நினைக்கிறார்கள். புத்தர் காலத்தில் இந்த மரம் ஆசியாவிலேயே கிடையாது. நம் சிவன் கோயில்களிலும் இதே கதைதான்; படமெடுத்த நாகத்துக்குக் கீழே லிங்கம் என்று நாமும் அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். அழகான மரம், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணுக்குரியவை என்று சொல்லி நடும் வரிசையில் அதற்கு இடமில்லை.

குசிநாராவில் புத்தர் தம் இறுதி நேரத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே படுத்திருந்தார் அல்லவா, அந்த உண்மையான சாலம், இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் காடு காடாக வளர்வது. செட்டிநாட்டின் வெயிலுக்கும் எட்டு மாத வறட்சிக்கும் அது தாங்காது. நட்டவர்கள் அனுபவத்தில் கன்று இரண்டாவது கோடையைத் தாண்டுவதே அரிது. அசோகமும் ஈர நிழல் கேட்கும் மரம். கிணற்றடியில் வைத்துக் கண்ணாகப் பார்த்துக்கொண்டால் ஒன்று பிழைக்கலாம். நாற்றங்காலில் 'அசோக மரம்' என்று கேட்டால் ஊசிபோல நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தைத்தான் பெரும்பாலும் தருவார்கள். என் மாணவர்களிலேயே பாதிப்பேர் முதலாண்டில் அதைத்தான் அசோகம் என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. லும்பினியில் புத்தரைப் பெற்றபோது அவர் தாய் மாயாதேவி பிடித்திருந்த கிளை சாலமா அசோகமா என்பதில் நூல்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பதால், அதற்காக நீங்கள் உயிரை விட வேண்டியதில்லை.

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று சொல்லி என்னைக் கிண்டல் செய்யத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பாலி மரபில் கௌதமருக்கு முன்னும் புத்தர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு மரத்தடியில் ஞானம் பெற்றார்கள் என்று ஒரு வரிசை உண்டு. இந்தக் கற்பத்தில், அதாவது இந்த உலக யுகத்தில், இதுவரை நால்வர். ககுசந்தருக்குச் சிரீசம், அதாவது வாகை. கோணாகமனருக்கு உதும்பரம், நம் அத்தி. காசியபருக்கு ஆல். கௌதமருக்கு அரசு. இந்த நான்கையும் அடையாளம் காண்பதில் தாவரவியலில் பெரிய சச்சரவு இல்லை. நான்குமே உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் நிற்கின்றன. தமிழன் வெற்றிக்குச் சூடிய வாகைதான் ஒரு புத்தரின் போதி மரம் என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் இனிக்கும் செய்தி. கண்மாய் ஓரத்து ஈரத்தில் அத்தியும், மேட்டில் வாகையும், ஆலும் அரசும் ஒன்றுக்கொன்று நல்ல தொலைவிலும் வைத்தால், சாலம் இல்லாத குறையே தெரியாது.

அரசைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செட்டிநாட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். காக்கை போட்ட ஓர் அரசம் விதை போதும், பர்மாத் தேக்கும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவரை இருபது ஆண்டில் பிளந்துவிடும். கட்டடத்திலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி நடுங்கள். இன்னொன்று, வளர்ந்த பிறகு போதி மரத்தின் கிளையைக் கழிப்பதற்குப் பௌத்த மரபில் மனத்தடை உண்டு. புத்தர் பயன்படுத்திய பொருள் என்ற வகையில் அதுவே வணக்கத்துக்குரிய சேதியம், அதாவது புனித நினைவுச் சின்னம். பிற்பாடு மின்கம்பிக்காக அரிவாள் எடுக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே நடாமல் இருப்பது நல்லது. உங்கள் ஊர் ஊருணிக் கரையில் பிள்ளையாருக்கும் நாகர் கல்லுக்கும் நிழல் தரும் அரசு ஏற்கெனவே இருந்தால், பௌர்ணமி அன்று அங்கேயே போய் ஒரு விளக்கு வைப்பதைப் பற்றியும் ஊராரிடம் பேசிப் பாருங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான்கு மரம் நட்டால் மூன்று ஏக்கர் நிறையாது. மிச்சத்துக்கு நான் அனுப்பும் இடம் நாற்றங்கால் அல்ல, பக்கத்து ஐயனார் கோயில்காடு. புரவி எடுக்கும், அதாவது மண்குதிரை செலுத்தும், கோயில்களைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாக யாரும் சுள்ளிகூட ஒடிக்காத காடு சில ஏக்கராவது மிஞ்சியிருக்கும். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. வீரை, காசா, உலக்கைப்பாலை, உசில், இலுப்பை, மகிழம்; அடியில் களா, காரை, விராலி, ஆவாரை. சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போதும் வீரையின் இலை கரும்பச்சையாக மின்னும். இவை மெதுவாக வளர்பவை. வீரை ஓர் ஆண்டில் ஒரு சாண் வளர்ந்தால் அதிகம். மூன்று ஆண்டில் பசுமை வேண்டும் என்பவர்கள் தூங்குமூஞ்சி மரம் நட்டுக்கொள்ளலாம்; அதுவும் வெளிநாட்டு மரம்தான். எண்பது ஆண்டு கழித்து யாரோ உட்காரப்போகும் நிழலுக்காக நடுகிறோம் என்பதில் உங்கள் குழுவுக்கு மனத்தாங்கல் இருக்காது என்று நம்புகிறேன். தோப்பு வைப்பவர், கிணறு வெட்டுபவர், தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் என்று புத்தர் சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. நகரத்தார் ஊரில் இதைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

தாய்லாந்தில் பிக்குகள் மரத்துக்குக் காவி கட்டித் துறவறம் கொடுக்கும் காணொளியை அனுப்பி, அதை இங்கேயும் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது பழைய சடங்கு அல்ல. 1980களின் இறுதியில் வட தாய்லாந்தில், காடு அழிவதைக் கண்டு பொறுக்காத கிராமத்துப் பிக்குகள் தொடங்கியது. மரம் பிக்கு ஆகிவிடுகிறது என்று அவர்களும் சொல்வதில்லை. விநயப்படி மனிதர்தான் துறவு பூண முடியும். காவி கட்டிய மரத்தில் கோடரி வைக்க மரம்வெட்டிக்குக் கை நடுங்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். செட்டிநாட்டில் அதே வேலையை மஞ்சள் துணியும் ஐயனாரும் எப்போதோ செய்துவிட்டார்கள். எனவே செய்யலாமா என்றால், செய்யலாம். தேவையா என்றால், எனக்கு ஐயம். ஐயனாரின் பயம் குறைந்து, திருப்பணி என்ற பெயரில் காட்டை அழித்துச் சிமெண்டுத் தளம் போடும் கோயில்கள் கூடிவிட்டன. அங்கேதான் காவித் துணிக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது அந்த ஊரார் கேட்டு நடக்க வேண்டியது.

சடங்கைவிட எனக்குப் பிடித்த உதாரணம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும்தான். ஒரு முறை உங்கள் குழுவையே அங்கே கூட்டிப் போய், ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

நடும் காலத்தைப் பற்றி ஒன்று. மழைக்காலத்தில் அலைந்து திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைப்பட்டதால்தான் பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் வந்தது. அது வட இந்திய மழையின் கணக்கு. ஜூலையில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். நமக்கோ அப்போதுதான் ஐப்பசி மழை வரும். இந்த முரணை வசதியாக்கிக்கொள்ளுங்கள். மழைத்தங்கல் முடிந்து ஒரு மாதத்துக்குள் பிக்குகளுக்குச் சீவரம் என்ற துறவாடை வழங்கும் கடின விழா வரும். அந்த வாரமே செட்டிநாட்டில் கன்று நடச் சரியான வாரம். குழிகளைக் கோடையிலேயே இரண்டடிக்குத் தோண்டி, கண்மாய் வண்டல் போட்டு ஆறவிட்டிருக்க வேண்டும். செம்பூராங்கல் தட்டினால் அந்த இடத்தில் மரத்தை விட்டுவிட்டு ஆவாரையோ விராலியோ வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் போதும். புல்தரை மட்டும் போடாதீர்கள். அது குடிக்கும் தண்ணீரில் முந்நூறு கன்று பிழைக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் இலுப்பையிலிருந்து. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றின் ஊரே இலுப்பைக்குடி. கோயில் விளக்குகளுக்கு நம் முன்னோர் ஊற்றியது இலுப்பெண்ணெய். புத்தர் முன்னாலும் அது நன்றாகவே எரியும். ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். வௌவால் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை மரத்தடியில் போட்டுவிட்டுப் போகும். விடியற்காலையில் பையோடு போய்ப் பொறுக்கி வாருங்கள். அந்த விதை காய்ந்தால் முளைக்காது. எனவே அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டு வைக்காமல், இரண்டு மூன்று நாளுக்குள் மண் பையில் ஊன்றிவிடுங்கள். முளைத்த பிறகு இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால், இலுப்பைதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.